கொயோட்டி வரவில்லையா? விடுமுறையில் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு, கோளாறு பார்த்துச் சரி செய்யும் வழி

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் கிடைக்கிற அந்த ஒரு வாரத்தில், மேற்குக் கான்சாஸ் பக்கம் அண்ணன் தம்பியாகவோ அக்கா தம்பியாகவோ கொயோட்டி (நம் ஊர் நரி மாதிரி இருக்கும் வட அமெரிக்கக் காட்டு விலங்கு) கூப்பிட்டுச் சுடப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூப்பிடுவது என்றால், ஸ்பீக்கரிலோ வாயால் ஊதும் ஊதலிலோ அடிபட்ட முயலின் அலறலையோ கொயோட்டியின் ஊளையையோ எழுப்பி அதைக் கிட்டே வரவழைப்பது. நெப்ராஸ்கா, ஒக்லஹோமா, டெக்சாஸ் என்று எங்கே போனாலும் அந்த விலங்கின் குணம் ஒன்றுதான், சட்டம்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற பாதிக் கோளாறுகளுக்கு மருந்து அதுதான். இரண்டு பேர் போவதில் இருக்கிற பெரிய வசதி, இரண்டு இடத்தில் உட்கார முடியும் என்பது. ஆனால் கூடப் பிறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கிறார்கள், பேச ஆயிரம் இருக்கிறது, அதனால் ஒரே சீடர் (cedar என்கிற ஊசியிலை) மரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சை டிரக்கிலேயே முடித்துவிடுங்கள். இறங்கியதும் பிரிந்து உட்காருங்கள், ஒருவர் கூப்பிடட்டும், இன்னொருவர் காற்று போகிற பக்கத்தைக் காக்கட்டும்.

கோளாறு: கூட வருகிறவர் துப்பாக்கி தொடலாமா என்றே தெரியவில்லை

இதை டிசம்பர் 24 இரவு யோசித்தால் நேரம் போதாது. கான்சாஸில் கொயோட்டிக்கு மூடிய பருவம் கிடையாது, இத்தனைதான் என்ற எண்ணிக்கை வரம்பும் கிடையாது, ஆனால் வேட்டை உரிமம் வேண்டும். 1957 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி அந்தப் பயிற்சி முடிக்கவில்லை என்றால், 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அப்ரென்டிஸ் உரிமம் என்று ஒன்று இருக்கிறது, உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் அவர் வேட்டையாடலாம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஒன்றியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் "அண்ணன் துப்பாக்கிதானே, கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கிறேன்" என்பதற்கு முன்னாலேயே உரிமம் வந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அப்புறம் நிலம். கான்சாஸில் 97 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். வேலிக் கம்பத்தில் ஊதா வண்ணம் அடித்திருந்தால், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். மாடு வைத்திருப்பவரிடம் மரியாதையாகப் போய்க் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார், பிப்ரவரி மார்ச்சில் கன்று ஈனும் காலம் வருகிறது, அவருக்கும் கொயோட்டிகள் பற்றிக் கவலை இருக்கும். யாரையும் தெரியாது என்றால் 1995இல் தொடங்கிய வாக்-இன் ஹன்டிங் ஆக்சஸ் திட்டத்தின் நிலங்கள் இருக்கின்றன, பொது வேட்டைக்காக மாநிலம் குத்தகைக்கு எடுத்த தனியார் நிலங்கள் அவை, மாநில வனவிலங்குத் துறையின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரவில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வைத்துப் போகும் ஆசை இருந்தால், அது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மட்டும்தான், தனி அனுமதிச் சீட்டோடு, அதுவும் இந்த வாக்-இன் நிலங்களிலும் துறையின் நிலங்களிலும் கிடையாது. டிசம்பரில் பகல் வேட்டைதான்.

கோளாறு: இருபது நிமிஷம் கூப்பிட்டும் ஒரு வால்கூடத் தெரியவில்லை

முதலில் அங்கே கொயோட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மேய்ச்சல் நிலத்து வண்டிப் பாதையில் முயல் முடியும் எலும்புத் துணுக்கும் கலந்த எச்சம் கிடக்கும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய ஈர மண்ணில் நாய்த் தடத்தைவிடக் குறுகலாக, நகங்கள் முன்னோக்கி ஒட்டினாற்போல் இருக்கும் தடம் கிடைக்கும். இதைவிடச் சுலபமான வழி, முந்தைய நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு மேட்டில் டிரக்கை அணைத்துவிட்டுக் காது கொடுப்பது. எந்தத் திசையில் ஊளை கேட்கிறதோ, விடிகாலையில் அந்தப் பக்கம் போகலாம்.

இருக்கிறது, ஆனால் வரவில்லை என்றால், நீங்கள் உள்ளே போன விதத்தைச் சந்தேகப்படுங்கள். மேட்டின் உச்சியில், வானத்துக்கு எதிராகத் தெரியும்படி டிரக்கை நிறுத்தினீர்களா, கதவை அடித்துச் சாத்தினீர்களா, தம்பி பின்னால் வந்துகொண்டே "எவ்வளவு தூரம்ணா?" என்று கேட்டாரா. நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கொயோட்டி எழுந்து போயிருக்கும். டிரக்கைப் பள்ளத்தில் நிறுத்தி, கதவை அழுத்தி மூடி, மேட்டைத் தாண்டாமல் அதன் சரிவிலேயே உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு சீடர் புதரோ வைக்கோல் உருளையோ இருந்தால் போதும், முன்னால் மறைப்பு தேவையில்லை, அசையாமல் இருப்பதுதான் தேவை. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிப்பதே எட்டு மணியை ஒட்டித்தான், அதனால் ஏழேகாலுக்கு டிரக்கிலிருந்து இறங்கினாலே இருட்டில் நடந்து உட்கார்ந்துவிடலாம்.

மூன்றாவது, சத்தம். ஸ்பீக்கரை எடுத்து வைத்ததும் முழுச் சத்தத்தில் முயல் அலறலைப் போடுகிறவர்கள்தான் அதிகம். பனிக்கு அடியில் ஓடும் எலியைக் காதாலேயே கண்டுபிடிக்கிற விலங்கு அது, பக்கத்து ஓடையில் 100 கஜத்தில் படுத்திருந்தால் அந்த அலறலில் மிரண்டு போகும். முதல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் ஏற்றி, நடுவில் ஒரு நிமிஷம் மௌனம். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் எவ்வளவு ஏற்றினாலும் சத்தம் போகாது. அந்த மாதிரி நாளில் ஓடைப் பள்ளங்களுக்குள் இறங்கி, ஒரு மைலுக்கு ஒரு இடம் என்பதற்குப் பதில் அரை மைலுக்கு ஒரு இடமாக நகர வேண்டும்.

நான்காவது, சீக்கிரம் எழுந்துவிடுவது. திறந்த புல்வெளியில் 15 முதல் 20 நிமிஷம் சரி. சீடர் அடர்ந்த பள்ளங்களிலும், ஊளை பயன்படுத்தும்போதும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். முக்கால் மைல் தள்ளிக் கேட்ட கொயோட்டி எல்லா நேரமும் பாய்ந்து வராது, நின்று, கேட்டு, ஒரு எலியைத் தோண்டிப் பார்த்து, மறுபடி நடந்து வரும்.

காத்திருக்கும்போது எங்கே பார்ப்பது என்று கேட்டால், நான் மாடுகளைப் பார்க்கச் சொல்வேன். மேய்ந்துகொண்டிருக்கிற கறுப்பு ஆங்கஸ் மாடுகளில் ஒன்று தலையைத் தூக்கி, காதுகளை முன்னால் நிறுத்தி, வாயில் புல் தொங்கத் தொங்க அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் வெறிக்கும். அடுத்தது தூக்கும், அப்புறம் மூன்றாவது. அவற்றின் பார்வை மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தால் ஏதோ நடந்து வருகிறது. உங்கள் கண்ணுக்குப் புல் மட்டும்தான் தெரியும், ஆனால் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள அதுதான் நேரம், கொயோட்டி வெளியே தெரிந்த பிறகு திருப்பினால் அது பார்த்துவிடும்.

கோளாறு: வருகிறது, ஆனால் சுற்றிப் போய்த் திடீரென்று திரும்பி ஓடிவிடுகிறது

இதுதான் எல்லோருக்கும் நடப்பது, இதற்குத்தான் இரண்டாவது ஆள். காதும் கண்ணும் சொன்னதைக் கொயோட்டி மூக்கை வைத்துத்தான் உறுதி செய்யும். சத்தம் வந்த இடத்தை அது நேராக நெருங்காது, அரை வட்டம் போட்டுக் காற்று போகிற பக்கத்துக்கு வந்து மோந்து பார்க்கும். அங்கே உங்கள் வாசனை இருந்தால் கதை முடிந்தது. ஓடுகிற விதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்: உங்களைக் கண்ணால் பார்த்த கொயோட்டி ஒரு கணம் நின்று முறைக்கும், வாசனை பிடித்தது நிற்கவே நிற்காது, மூக்கில் அடித்த மாதிரி திரும்பிப் பாயும்.

வாசனையை மறைக்கிற ஸ்ப்ரே, சோப்பு எல்லாம் விற்கிறார்கள். அதில் காசு போடாதீர்கள், அந்த மூக்கை ஏமாற்ற முடியாது. உட்காருகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

குளிர் அலை ஒன்று வந்து போன பிறகு காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, திறந்த புல்வெளி உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூப்பிடுகிறவர் கிழக்கு பார்த்து உட்காரட்டும். ஸ்பீக்கர் அவருக்கு வடகிழக்கே 50 கஜத்தில் இருக்கட்டும். இப்போது இரண்டாவது ஆள் அவருக்குத் தெற்கே 70, 80 கஜம் தள்ளி, கொஞ்சம் உயரமான இடத்தில், தென்கிழக்கு பார்த்து உட்கார வேண்டும். கிழக்கிலிருந்து வருகிற கொயோட்டி ஸ்பீக்கரின் தெற்குப் பக்கம் சுற்ற ஆரம்பிக்கும், அதாவது உங்கள் இரண்டு பேரின் முன்னாலும் குறுக்கே நடக்கும். உங்களுக்கு நேர் தெற்கே வந்த பிறகுதான் அதற்கு வாசனை கிடைக்கும். அந்தக் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் சுட வேண்டும், இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சுடுகிற எல்லையை உட்காருவதற்கு முன்னால் கையால் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு வேலிக் கம்பமோ தனி மரமோ குறியாக வைத்து, அதற்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று முடிவு செய்தால், கொயோட்டி எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்தக் குறியைத் தாண்டித் துப்பாக்கி திரும்பக் கூடாது. கூடப் பிறந்தவர் அந்தப் பக்கம் இருக்கிறார். ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியாத மாதிரி நிலம் இருந்தால், அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

காற்றைப் பார்க்க ஒரு சின்னப் பிழியும் பாட்டிலில் டால்கம் பவுடர் போதும். நம் எருக்கு இனத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடி அங்கே சாலையோரங்களில் நிறைய நிற்கும், அதன் காயிலிருக்கும் பஞ்சை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பவுடர் மூன்றடியில் கலைந்துவிடும், பஞ்சு 50 கஜம் வரை மிதந்து போவதைக் கண்ணால் பின்தொடரலாம். டிரக் பக்கத்தில் பார்த்த காற்று பள்ளத்தில் இருக்காது. விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ் நோக்கி வடியும், வெயில் ஏறியதும் அது மாறும். அதனால் உட்கார்ந்த பிறகு ஒருமுறை, பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை பஞ்சை விட்டுப் பாருங்கள்.

கொயோட்டி உள்ளே வருகிற பாதை ஓடைப் பள்ளம் என்றால் தெற்கே இருக்கிறவர் கையில் 12 கேஜ் ஷாட்கன் (சிதறிப் போகும் ரவைகளைச் சுடும் துப்பாக்கி) கொடுக்கலாம். 40 கஜத்துக்குள் அதைவிட நம்பகமான கருவி இல்லை. அதைத் தாண்டினால் சுடக் கூடாது, காயப்பட்டுப் போய் எங்கோ சாகும்.

கோளாறு: 300 கஜத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அசைய மாட்டேன் என்கிறது

அதே சத்தத்தை இன்னும் பலமாகப் போடாதீர்கள். குறைத்து, எலிக் கீச்சலுக்கு மாறுங்கள், அல்லது முழு மௌனம். பசி இருக்கிற கொயோட்டிக்கு "அங்கே இன்னும் ஏதோ இருக்கிறதா" என்ற சந்தேகம்தான் காலை நகர்த்தும். முயல் ரோமம் கட்டி மோட்டாரில் ஆடுகிற சின்ன பொம்மை இருந்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் குத்தி வையுங்கள், சத்தம் வருகிற இடத்தில் கண்ணுக்கு எதுவும் படாததால்தான் பல கொயோட்டிகள் நிற்கின்றன, அதோடு உங்கள் கையசைவையும் அது மறைக்கும்.

இரண்டு பேர் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. கொயோட்டியின் கண் ஸ்பீக்கர் மேல் இருக்கும்போது, அதன் பார்வையில் படாமல் மேட்டுக்குப் பின்னாலிருக்கிற ஒருவர் மெதுவாக நகர்ந்து கோணத்தை மாற்றிக்கொள்ளலாம், துப்பாக்கியிலிருந்து குண்டை வெளியே எடுத்துவிட்டு. மற்றவர் அசையவே கூடாது, ரிமோட் அவர் கையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே யாரோ அந்த நிலத்தில் இதே ஒலிகளைப் போட்டுச் சுட்டிருந்தாலும் இப்படித்தான் நிற்கும். நவம்பரிலிருந்து வாக்-இன் நிலங்களில் பலர் கூப்பிட்டிருப்பார்கள், அங்கே முயல் அலறலை விட்டுவிட்டு மரங்கொத்தி அலறல் மாதிரி அதிகம் கேட்காத ஒன்றை முயன்று பாருங்கள்.

கோளாறு: ஊளைக்குப் பதில் ஊளை வருகிறது, ஆள் வருவதில்லை

அது தன் எல்லைக்குள் நின்று "இது என் இடம்" என்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள். ஊளை வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்று பார்த்துச் சுற்றி, கால் மைல் தூரத்துக்குள் போய் மறுபடி தொடங்குங்கள். தனி ஊளை ஒன்று, அப்புறம் நீண்ட மௌனம், பிறகு முயல் அலறல்.

டிசம்பரில் சவால் ஊளை வேண்டாம் என்பது என் கருத்து. இனச்சேர்க்கைக் காலம் ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும், அப்போதுதான் அந்த ஊளைக்குச் சண்டைக்கு வரும். இப்போது அந்த வருஷம் வசந்தத்தில் பிறந்து, குடும்பத்தை விட்டுப் பிரிந்து இடம் தேடி அலைகிற இளம் கொயோட்டிகள்தான் உங்களிடம் அதிகம் வரும், அவை பெரிய ஆணின் மிரட்டலைக் கேட்டால் வந்த வழியே போய்விடும்.

கோளாறு: கிட்டே வந்து நின்றது, இரண்டு பேரும் சுடவில்லை, அல்லது இரண்டு பேரும் ஒன்றாகச் சுட்டோம்

அண்ணன் தம்பிக்காக விட்டுக்கொடுப்பார், தம்பி அண்ணன் சுடட்டும் என்று காத்திருப்பார், கொயோட்டி யாருக்காகவும் காத்திருக்காது. பாசத்தில் வருகிற கோளாறு என்றாலும், டிரக்கை விட்டு இறங்கும்போதே தீர்க்க வேண்டியது. யாருடைய பக்கத்தில் முதலில் நுழைகிறதோ அவர் சுட வேண்டும், பேச்சே கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு வந்தால், வலது பக்கம் இருப்பவருக்கு வலது கொயோட்டி, இடது பக்கம் இருப்பவருக்கு இடது. அப்படி இரண்டு வரும்போது முதல் குண்டு யாருடையது என்பதையும் சொல்லிவைத்துக்கொண்டால் நல்லது, அனுபவம் குறைந்தவருக்குக் கொடுங்கள், அது நின்றிருக்கிற கொயோட்டியாக இருக்கும், ஓடுகிற இரண்டாவதை அனுபவசாலி பார்த்துக்கொள்ளட்டும்.

ஓடி வருவதை நிறுத்த வாயாலேயே ஒரு குரைப்பு, 'வ்வூப்' என்று சின்னதாக. அதை யார் செய்வது என்பதில்தான் பெரிய குழப்பம். கூப்பிடுகிறவர் குரைத்து, சுடுகிறவர் ஸ்கோப்பில் அதை இன்னும் தேடிக்கொண்டிருந்தால், கிடைத்த இரண்டு நொடியும் வீண். சுடப் போகிறவர்தான் குரைக்க வேண்டும், குறுக்குக் கம்பி உடம்பின் மேல் வந்த பிறகு.

சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். விழுந்தாலும் விழாவிட்டாலும் கூப்பிடுகிறவர் உடனே குட்டி கத்தும் ஒலியைப் போட வேண்டும், ரிமோட்டில் அதை ஒரு பொத்தானில் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். தப்பி ஓடுகிறது நின்று திரும்பிப் பார்க்கும், நீங்கள் பார்க்காமலே பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொன்று வெளியே வரும். இன்னும் பத்து நிமிஷம் உட்காருங்கள். கைகுலுக்கல் எல்லாம் அப்புறம்.

கோளாறு: குறி சரியாகத்தான் வைத்தேன், படவில்லை

தம்பி விமானத்தில் துப்பாக்கியோடு வந்தவரா? பூட்டிய கடினப் பெட்டியில், குண்டில்லாமல், செக்-இன் மேசையில் அறிவித்துத்தான் அதைக் கொண்டுவந்திருப்பார், அந்தப் பெட்டி எத்தனை முறை தூக்கிப் போடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கே 100 கஜத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் வேட்டைக்குப் போவது அந்த விலங்குக்குச் செய்கிற அநியாயம்.

குறி சரியாக இருந்தால் தூரத்தைப் பாருங்கள். .223 ரெமிங்டன் ரக ரைஃபிளில் 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) தோட்டாவை 200 கஜத்துக்குச் சரி செய்து வைத்தால், 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே போகும், 300 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் கீழே விழும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 200 கஜத்திலேயே அதை நாலைந்து அங்குலம் தள்ளிவிடும். .22-250, .243 ரகங்கள் இரண்டிலும் இந்தப் பிசகு கொஞ்சம் குறைவு. ஆனால் கூப்பிட்டு வரவழைக்கிற வேட்டையில் பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் சுட வேண்டியிருக்கும், அதனால் .223 வைத்திருப்பவர் வேறு வாங்கத் தேவையில்லை, ஒரு நல்ல ட்ரைபாட் வாங்கலாம். முழங்கால் மேல் முழங்கையை ஊன்றிச் சுடுவதற்கும் ட்ரைபாட்டில் சுடுவதற்கும் உள்ள வித்தியாசம் குளிரில் நடுங்கும்போது தெரியும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. குளிர்கால ரோமத்தில் கொயோட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். சமவெளியில் வளர்ந்த ஒன்றின் எடை 10 முதல் 15 கிலோதான், வயிற்றுக்குக் கீழே தொங்குவதெல்லாம் முடி. நடு உடம்பு என்று நினைத்துக் குறி வைத்தால் குண்டு கீழே முடியைச் சீவிக்கொண்டு போகும். முன்னங்காலின் பின் ஓரத்தை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து பாதிக்குச் சற்று மேலே வையுங்கள்.

கோளாறு: துப்பாக்கி 'க்ளிக்' என்கிறது, ஊதல் கத்தவில்லை, ரிமோட் செத்துவிட்டது

மூன்றுக்கும் குளிர்தான் காரணம். மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் போல்ட்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) இருக்கிற எண்ணெய் கெட்டியாகி, சுடும் ஊசி மெதுவாக நகர்ந்து தோட்டாவின் அடியை லேசாகத்தான் தட்டும். போல்ட்டைக் கழற்றி எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, உலர் மசகு கொஞ்சம் போதும். 'க்ளிக்' கேட்டால் உடனே திறக்காதீர்கள், முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து அரை நிமிஷம் காத்திருந்து அப்புறம் திறங்கள். வேட்டை முடிந்து துப்பாக்கியை நேராகச் சூடான வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தால் நீர் கோத்து ஸ்கோப் மங்கும், காலையில் மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த நீர் உள்ளே உறையும். பூட்டிய, சூடு இல்லாத கராஜ் நல்லது.

ரிமோட்டிலும் ஸ்பீக்கரிலும் சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், லித்தியம் போடுங்கள், மாற்று பேட்டரி சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஊதலின் நாக்கில் உங்கள் மூச்சு ஈரம் உறைந்துபோகும், அதையும் சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத வழி ஒன்றை இரண்டு பேரும் கற்றுக்கொள்வது நல்லது. ஸ்பீக்கர் வராத காலத்தில் ஊதல்தான் எல்லாம். டெக்சாஸில் மார்பிள் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த முர்ரி, வின்ஸ்டன் பர்ன்ஹாம் என்ற அண்ணன் தம்பிகள், அப்பாவிடம் கற்றுக்கொண்டதை வைத்து 1950களிலேயே ஊதல்கள் விற்றுப் பெயர் வாங்கினார்கள். பேட்டரியும் இல்லை, ஊதலும் உறைந்துவிட்டது என்றால், புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சிக் கீச்சிடுங்கள். அந்தச் சின்ன எலிச் சத்தம் குளிர்ந்த, காற்றில்லாத காலையில் 100 கஜத்துக்கு மேல் கேட்கும், கொயோட்டியின் காதுக்கு அது போதும்.

கோளாறு: வருவது கொயோட்டியா நாயா, நிச்சயமாகத் தெரியவில்லை

தெரியவில்லை என்றால் சுடக் கூடாது. "அண்ணா, கழுத்தில் ஏதாவது தெரிகிறதா?" என்று கேட்கக் கூச்சப்படாத தம்பி கூட இருப்பது பெரிய பலம். மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் ஹீலர் நாய்கள் உண்டு, மந்தைக் காவலுக்கு வெள்ளை பிரனீஸ் நாய்கள் உண்டு, அவையும் முயல் அலறலைக் கேட்டு வரும். கொயோட்டி ஓடும்போது வால் கீழே தொங்கும், மூக்கு மெலிந்து நீண்டிருக்கும், காது தலைக்குப் பெரிதாக இருக்கும். சிறுத்து, மஞ்சள் சாம்பலாக, வால் நுனி கறுப்பாக வந்தால் ஸ்விஃப்ட் நரியாக இருக்கலாம், அதற்குச் சட்டம் வேறு. விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் போகிறவர்கள் ஓநாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

உங்கள் சத்தம் கேட்டு இன்னொரு வேட்டைக்காரர் வருவதும் நடக்கும், வாக்-இன் நிலத்தில் முக்கியமாக. கையசைக்காதீர்கள், அவர் கண்ணுக்கு அது விலங்கின் அசைவு. மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள். இடம் போனால் போகிறது.

கோளாறு: விழுந்ததில் முடியே இல்லை, தோல் தடித்திருக்கிறது

மாஞ்ச் என்கிற சொறி. ஒரு பூச்சி தோலுக்குள் துளைத்து முடியைக் கொட்ட வைக்கிறது, கொயோட்டி குளிரில் விறைத்தே சாகும். வெறுங்கையால் தொடாதீர்கள், டிரக்கில் நாயோடு சேர்த்துப் போடாதீர்கள், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் சொல்கிற இடத்தில் புதைத்துவிடுங்கள். நன்றாக இருக்கிற கொயோட்டியையும் ரப்பர் கையுறை போட்டுத்தான் உரிக்க வேண்டும், உண்ணியும் தெள்ளும் அதில் உண்டு.

ரோமம் டிசம்பர், ஜனவரியில்தான் நல்ல தரத்தில் இருக்கும், ஆனால் அதை விற்றுப் பெட்ரோல் காசு எடுக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கோட்டுத் தொப்பியின் ஓரத்துக்குக் கொயோட்டி ரோமம் வாங்கிய கனடா கூஸ் நிறுவனமே ரோமம் வாங்குவதை 2021 இறுதியோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது, அதற்கப்புறம் சந்தை படுத்துவிட்டது. ஒன்றை மட்டும் பதப்படுத்தி வைத்துக்கொள்வது நல்ல காரியம். வீணாக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவாவது உரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு பேர் இருந்தால் ஒருவர் காலைப் பிடிக்க இன்னொருவர் உரிப்பது மிகச் சுலபம்.

கோளாறு: முதல் நாள் நன்றாக வந்த இடம், மூன்றாம் நாள் செத்துக் கிடக்கிறது

விடுமுறை முடிவதற்குள் இன்னொருமுறை என்று அதே மேட்டுக்குப் போகத்தான் மனம் சொல்லும். போகாதீர்கள். அங்கே தப்பிப் போன கொயோட்டிக்கு அந்த ஒலி, டிரக் சத்தம், உங்கள் வாசனை எல்லாம் ஒரே பாடமாகப் பதிந்திருக்கும். குறைந்தது இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். மீதி இருக்கிற நாட்களுக்கு, அனுமதி கொடுத்த நிலத்துக்காரரிடமே பக்கத்து நிலம் யாருடையது என்று கேளுங்கள், அவரே போன் செய்து சொல்லிவிடுவார். தம்பி ஊருக்குப் போன பிறகு பிப்ரவரியில் நீங்கள் மட்டும் அந்த மேட்டுக்குத் திரும்பிப் போனால், வேறு பக்கத்திலிருந்து நுழையுங்கள், முயலை விட்டுவிட்டு ஊளையோடு தொடங்குங்கள். தெற்கே காக்க ஆள் இல்லாததால் ஸ்பீக்கரை இன்னும் 30 கஜம் காற்று வரும் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.